வண்டியோடு சேர்த்தி

இரவு ஒன்பதரை. வெளிச்சம் இன்னும் போகவில்லை.
மூன்றாம் நெடுஞ்சாலையில்
நூற்றெண்பது கிலோமீட்டருக்கு இது ஒன்றுதான் பெட்ரோல் பங்க்.
லாரிகளுக்குப் பக்கத்தில் என் பழைய ரெனோ வேனை நிறுத்தினேன்.

"அப்படி இல்லை செனோரா, மூக்கைக் காற்றுக்குக் கொடுங்கள்!"
பம்புப் பையன் கத்தினான்.
"பக்கவாட்டைக் காட்டினால் கதவைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.
போன மாதம் வந்த ஜெர்மன்காரரின் கதவு
இன்னும் ஆட்டுப்பட்டியில் கிடக்கிறது."
திருப்பி நிறுத்தினேன்.
முட்டப் போகும் மாடு மாதிரி நின்றது வண்டி.

பாஹியா பிளாங்காவில் வாங்கியது.
விற்றவன் இளைஞன், ஏதோ அவசரம்.
சாவி, காகிதங்கள், ஜாக்கி, பாதி தீர்ந்த காஸ் சிலிண்டர்.
"நாயும் சேர்த்தி" என்றான்.
"மாமாவுடையது. பேர் தெரியாது. இறங்கமாட்டேன் என்கிறது."

நாற்பது வருஷம் பிறர் பற்களை எக்ஸ்ரே எடுத்தவள் நான்.
பதில் பேச முடியாதவர்களோடு பேசிப் பழக்கம்.
வாங்கிய கிழமையையே பேராக வைத்தேன்: மியெர்கோலெஸ், புதன்.
ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன்.
போட்டதைத் தின்றது. என் காலடியில் படுத்தது.
பேரை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

இன்று கதவைத் திறந்ததுமே குதித்து
சரளைக்கல்லில், லாரிச் சக்கரங்களுக்கு நடுவே,
ஒன்றுக்குக்கூட நிற்காமல்
நேராக ஓடியது சமையலறைப் பின்கதவுக்கு.
முன்னங்காலால் இரண்டு தட்டு.
பொறுத்து,
இன்னொன்று.

திறந்தது. மாவு படிந்த கைகள்.
"துர்க்கோ!"
உடம்பு முழுவதையும் வாலாக்கிக்கொண்டது நாய்.

அவள் பெயர் நெலிதா.
எலும்பைப் போட்டுவிட்டு என்னைத் தாண்டி வேனைப் பார்த்தாள்,
ஓட்டுநர் பக்கக் கதவை.
"எவரிஸ்தோ இறங்கவில்லையா? முழங்கால் இன்னும் படுத்துகிறதா?"

எனக்குத் தெரிந்தவை:
அவசரப்பட்ட ஓர் இளைஞன்.
டாஷ்போர்டு பெட்டியில், ஒரு காது நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடி.
முழங்கால் தைலம், கால்வாசி மீதி.

"வண்டியை எனக்கு விற்றுவிட்டார்கள்" என்றேன்.
விற்றுவிட்டார் என்று சொல்லியிருக்கலாம்.
அந்தப் பன்மை
கையிலிருந்து நழுவிய பீங்கான் மாதிரி விழுந்தது.
சத்தம் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.
கையை ஏப்ரனில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.
வேறொன்றும் கேட்கவில்லை.

என் பிளாஸ்கை வாங்கி உள்ளே போனாள்.
வெந்நீருக்குக் காசு போடும் இயந்திரம் வாசலிலேயே இருக்கிறது.
"மாத்தேக்குச் சர்க்கரை போடுவீர்களா?"
"இல்லை."
"அவர் போடுவார். மூன்று கரண்டி. லாரிக்காரர்கள் எல்லோரும் கிண்டல் செய்வார்கள்."
சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்,
காற்றில் முகங்களைச் சரியாகப் படிக்க முடியாது.

நாய் அடுப்பருகே படுத்திருந்தது.
கூப்பிடவில்லை. எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது?
அதன் வீடு அதுதான் என்றால் இருக்கட்டும் என்று
தனியாக வந்து படுத்தேன்.
கால்மாட்டில் இத்தனை இடம் இருப்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.
வண்டி ஆடியது. கூரையில் ஏதோ தளர்ந்த தகடு
பூட்டை மறந்தவர் மாதிரி திரும்பத் திரும்ப வந்து பார்த்தது.

மணி இரண்டு இருக்கும்.
இரண்டு தட்டு.
பொறுத்து, இன்னொன்று.

வதக்கிய வெங்காய வாசனையோடு ஏறி
தலையணையில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்டது.
"யாராம்?" என்றேன் இருட்டில்.
பெருமூச்சு விட்டது.

காலையில் பையன் பெட்ரோல் போட்டு முடிப்பதற்குள்
மூக்குக்கண்ணாடியைக் கொண்டுபோய்
சமையலறை ஜன்னல் விளிம்பில், பறக்காமல்,
ஒரு கல்லுக்கு அடியில் வைத்தேன்.
தைலத்தை வைக்கவில்லை.
தெற்கே இன்னும் எழுநூறு கிலோமீட்டர்.
எனக்கும் முழங்கால் உண்டு.